அளவெடுக்காமல் கத்தரி போடாதே!

– மூன்றாம் ஆண்டு மாணவி, கணினிப் பொறியியல் துறை



நம் மாணவர் பேரவை ஆண்டு மலருக்கு "ஏதாவது எழுதிக் கொடு" என்று கேட்டார்கள். கவிதை எனக்கு வராது. காதல், நட்பு, நிலா மூன்றையும் பற்றி எழுத நம் கல்லூரியில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. ஆகவே இந்த ஆண்டு நாங்கள் நான்கு பேர் சேர்ந்து செய்த ப்ராஜெக்ட் பற்றி எழுதுகிறேன். ப்ராஜெக்ட் என்றதும் பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள்! இதில் கோடிங் குறைவு. மனிதர்கள்தான் அதிகம்.

ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். நம்மில் வெப்சைட் செய்யத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். செய்து முடித்த வெப்சைட்டை யாரோ ஒருவர் பயன்படுத்தும்போது பக்கத்தில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

ஒரு கடை, பதினோரு மிஷின்

ஈரோடு ஜவுளி மார்க்கெட் பக்கம் ஒரு சின்னக் கடை. அண்ணனும் அக்காவும், அதாவது கணவன் மனைவி இருவர், நடத்துகிறார்கள். நைட்டி, சுடிதார் டாப்ஸ், குழந்தைகள் கவுன் விற்கிறார்கள். கடைக்குப் பின்னால் ஷீட் போட்ட கொட்டகையில் பதினோரு தையல் மிஷின். அதில் ஒன்றில் உட்கார்ந்து பீஸ் ரேட்டுக்கு நைட்டி தைப்பவர் என் அம்மா. அப்பா மார்க்கெட்டில் பேல் தூக்குகிறார். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான்.

தீபாவளி, பொங்கல் வரை மிஷின்கள் ஓயாது. பொங்கல் முடிந்தால் சந்தை படுத்துவிடும். அம்மாவுக்கு வாரத்தில் மூன்று நாள் வேலை இருந்தால் பெரிது. இந்த மந்த மாதங்களைச் சமாளிக்கத்தான் அண்ணன் கடன் வாங்கி ஒரு வெப்சைட் போட்டிருந்தார். பார்க்க ஜோராக இருந்தது. ஆனால் ஆர்டர் வரவில்லை. வந்து பார்க்கிறார்கள், துணியைத் தேர்ந்தெடுக்கிறார்கள், பணம் கட்டும் இடத்துக்கு முன்பே காணாமல் போய்விடுகிறார்கள்.

"சித்திரையோட சைட்டுக்குக் கெடு முடியுதுங்க. அதுக்குள்ள ஒரு வழி தெரியலீன்னா மறுபடி பணம் கட்ட மாட்டேன். மூடிப்போட்டுட்டு இருக்கறதைப் பாத்துக்கறேன்" என்றார் அண்ணன்.

அம்மாதான் இந்தச் சேதியை வீட்டில் வந்து சொன்னார். நான் அதைக் குழுவில் சொன்னேன். ப்ராஜெக்ட் கிடைத்துவிட்டது!

முதல் கூட்டத்திலேயே சண்டை. ஒருவன் கறுப்புப் பின்னணி வேண்டும் என்றான். இன்னொருத்தி படங்கள் சுழன்று சுழன்று வர வேண்டும் என்றாள். எங்கள் வழிகாட்டி மேடம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, இதுல வாங்கப் போறவங்க யாரு? அவங்கள்ல ஒருத்தரையாவது பாத்தீங்களா?" என்றார். நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

இரவு சாப்பிடும்போது அம்மாவிடம் இதைச் சொன்னேன். அம்மா சிரித்தார். "ஆளைப் பாக்காம, அளவு எடுக்காமக் கத்தரி போடலாமா கண்ணு? துணி போனாப் போனதுதான்."

அவ்வளவுதான். புத்தகத்தில் இதற்குப் 'பயனாளர் ஆய்வு' என்று பெயர். எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் அளவெடுப்பது.

கோடிகளைத் தின்ற துணிக்கடை

அழகாக இருந்தால் வியாபாரம் தானாக நடக்கும் என்று நம்பி ஏமாந்தவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. சுவீடன் நாட்டு இளைஞர்கள் லண்டனைத் தலைமையிடமாக வைத்துத் தொடங்கிய 'பூ டாட் காம்' என்ற ஆன்லைன் துணிக்கடை 1999 நவம்பரில் திறக்கப்பட்டது. துணியைத் திருப்பித் திருப்பிக் காட்டும் படங்கள், கடைக்குள் அழைத்துச் செல்ல 'மிஸ் பூ' என்ற பொம்மைப் பெண், எல்லாம் இருந்தன. ஆனால் அன்றைக்கு மக்கள் வீட்டில் இருந்தது டெலிபோன் கம்பி வழியே மெதுவாக ஓடிய மோடம். பக்கம் திறப்பதற்குள் பொறுமை போய்விடும். தொடக்கத்தில் மேக்கின்டோஷ் கணினி வைத்திருந்தவர்களால் வாங்கவே முடியவில்லை. சுமார் 13.5 கோடி டாலர் முதலீட்டைத் தின்றுவிட்டு 2000 மே மாதம் கடை மூடப்பட்டது. திறந்து ஆறே மாதம்! காரணங்கள் பல. ஆனால் வாங்க வருபவர் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்காதது அவற்றில் முக்கியமானது.

நம் நாட்டிலும் ஒரு பாடம் உண்டு. மிந்த்ரா நிறுவனம் 2015 மே மாதம் தன் வெப்சைட்டை மூடிவிட்டு, 'இனி செயலி வழியாக மட்டுமே விற்பனை' என்று அறிவித்தது. 2016 இல் வெப்சைட்டை மறுபடியும் திறந்தது. பெரிய நிறுவனம் என்பதால் தாங்கிக்கொண்டது. பதினோரு மிஷின் வைத்திருப்பவர் தாங்குவாரா?

இன்னொரு சம்பவம் நல்லபடியாக முடிந்தது. ஜாரெட் ஸ்பூல் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2009 இல் எழுதியது. பெயர் சொல்லாத ஒரு பெரிய ஆன்லைன் கடையில், பொருளைத் தேர்ந்தெடுத்த பிறகு 'பதிவு செய்' என்று ஒரு பட்டன் வந்து நின்றது. புதிதாக வந்தவர்கள் 'எதற்கு இதெல்லாம்?' என்று எரிச்சல் பட்டார்கள். பழைய ஆட்களுக்கோ பாஸ்வேர்டு மறந்துபோனது. வாங்குபவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகு அந்தப் பட்டனை எடுத்துவிட்டு 'தொடர்க' என்று வைத்தார்கள். வாங்கி முடித்தவர்கள் 45 சதவீதம் கூடினார்கள். முதல் ஆண்டில் கூடுதல் விற்பனை 30 கோடி டாலர். மாற்றியது ஒரே ஒரு பட்டன்!

கடையில் அரை நாள்

முதலில் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை, சந்தை நாள், கடையின் ஓரத்தில் நோட்டோடு உட்கார்ந்தோம். அக்கா எப்படி விற்கிறார் என்று பார்ப்பதுதான் வேலை.

ஒவ்வொருவரிடமும் பேச்சு கிட்டத்தட்ட ஒரே வரிசையில்தான் போனது. அக்காவின் முதல் கேள்வி, "யாருக்குங்க? உங்களுக்கா, அம்மாவுக்கா?" இரண்டாவது, "என்ன விலைக்குள்ள பாக்கறீங்க?" பிறகு ஒன்றை எடுத்துப் போடுவார். வந்தவர் துணியை விரலால் தேய்த்துப் பார்ப்பார். "சாயம் போகுமா?" என்பார். எழுந்து நின்று தோளில் வைத்து உயரம் பார்ப்பார். கடைசியாக, "பத்தலீன்னா மாத்திக் குடுப்பீங்களா?"

யாருக்கு, என்ன விலை, என்ன துணி, அளவு சரியா, மாற்றித் தருவீர்களா. ஐந்து கேள்வி. வெப்சைட் இந்த ஐந்துக்கும் பதில் சொல்லுகிறதா? சாயங்காலம் திறந்து பார்த்தோம். விலை இருந்தது. மற்ற நான்கில் எதற்கும் தெளிவான பதில் இல்லை.

ஐந்து பேர் போதுமா?

"நூறு பேர்கிட்ட சர்வே எடுக்கலாமா மேடம்?" என்று கேட்டோம். "முதல்ல அஞ்சு பேரு பக்கத்துல உக்காருங்க" என்றார்.

இதற்குக் கணக்கு இருக்கிறது. ஜேக்கப் நீல்சன் என்பவர் 2000 இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர்கள் பார்த்த திட்டங்களில் ஒரு பயனாளர் சராசரியாக 31 சதவீதக் குறைகளை வெளிப்படுத்தினார். மறைந்திருப்பது 0.69. அதன் ஐந்தாம் அடுக்கு ஏறக்குறைய 0.16. அதாவது ஐந்து பேரைப் பார்த்தாலே சுமார் 85 சதவீதக் குறைகள் வெளியே வந்துவிடும். ஒரே தடவையில் பதினைந்து பேரைப் பார்ப்பதைவிட, ஐந்து பேரைப் பார்த்துத் திருத்தி, மறுபடி ஐந்து பேரைப் பார்ப்பது நல்லது என்கிறார்.

நாங்கள் பிடித்த ஐவர்: சத்துணவுக் கூடத்தில் உதவியாளராக இருக்கும் அக்கா, மஞ்சள் மண்டியில் வேலை பார்க்கும் அக்கா, பி.காம். படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண், மனைவிக்கு வாங்க நினைத்த மளிகைக்கடை அண்ணன், ஓய்வு பெற்ற தமிழாசிரியை. நம் வகுப்பு நண்பர்கள் யாரும் வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்தோம். நமக்கு எங்கே தட்டினால் என்ன வரும் என்று கைக்கே தெரியும்.

அவரவர் வீட்டில், அவரவர் போனில்தான் சோதனை. "சோதிக்கறது உங்களை இல்லீங்க, வெப்சைட்டைத்தான்" என்று சொல்லிவிட்டே தொடங்கினோம். அனுமதி கேட்டு, விரலும் திரையும் மட்டும் தெரியும்படி படம் எடுத்தோம். முகம் எடுக்கவில்லை. "லவுஞ்ச் வேர் மெனுவைத் திறங்க" என்று சொல்லிக் கொடுக்காமல், "உங்க தங்கச்சி பாப்பாவுக்கு முதல் பொறந்தநாள் வருது. ஐநூறு ரூபாய்க்குள்ள ஒரு கவுன் எடுங்க" என்று வாழ்க்கையில் நடப்பதைப் போலச் சொன்னோம். மனசில் தோன்றுவதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னோம். 1982 இல் ஐபிஎம் நிறுவனத்தில் கிளேட்டன் லூயிஸ் கணினி இடைமுகச் சோதனைக்குக் கொண்டுவந்த முறை இது.

எல்லாவற்றிலும் கஷ்டமான விதி, உதவி செய்யக் கூடாது என்பது. பட்டன் கண்ணுக்கு முன்னால் இருக்கும். அவர் விரல் அதைச் சுற்றிச் சுற்றி வரும். நமக்கு நாக்கு துடிக்கும்! மனசுக்குள் பத்து எண்ணிவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும்.

கண்ணில் பட்டவை

1. பெயர்கள்: நைட்டி 'லவுஞ்ச் வேர்' என்ற தலைப்புக்குள் இருந்தது. குழந்தைத் துணி 'லிட்டில் ஸ்டார்ஸ்'. எல்லாம் ஆங்கில எழுத்தில். ஐந்து பேரில் நான்கு பேர் நைட்டியைத் தேடி எல்லாத் தலைப்பையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்கள்.

2. நிறம்: மஞ்சள் மண்டி அக்கா தேடும் இடத்தில் 'வெந்தயக் கலர்' என்று மைக்கில் சொன்னார். ஒன்றும் வரவில்லை. அதே நிறம் 'மஸ்டர்ட்' என்ற பெயரில் உள்ளே உட்கார்ந்திருந்தது! மயில் கழுத்து, ராமர் பச்சை, அரக்கு என்று நம் ஊரில் நிறத்துக்கு எத்தனை அழகான பெயர்கள்! ஒன்றுகூட வெப்சைட்டுக்குத் தெரியவில்லை.

3. இமெயில்: ஆர்டர் செய்ய இமெயிலும் பாஸ்வேர்டும் கட்டாயம். சத்துணவு அக்காவின் போனில் இமெயில் இருக்கிறது. ஆனால் அதைப் போட்டுக் கொடுத்தது போன் கடைப் பையன். "அந்தத் தம்பிய இப்ப எங்க போயித் தேடறது?" என்று போனைக் கீழே வைத்துவிட்டார்.

4. விலாசம்: தமிழாசிரியை அம்மாவின் கதவிலக்கம் 3/142-ஏ. அந்தச் சாய்கோட்டைப் படிவம் ஏற்றுக்கொள்ளவில்லை. மூன்று முறை அடித்தார். மூன்று முறையும் 'தவறான விலாசம்' என்று சிவப்பில் வந்தது. "நாப்பது வருஷமா இந்த வீட்லதான் குடியிருக்கேன். என் விலாசம் தப்புங்குதே!" என்றார். நாங்கள் சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டோம்.

5. நம்பிக்கை: மளிகைக்கடை அண்ணன் துணியையே பார்க்கவில்லை. நேராகக் கீழே இறங்கிப் போன் நம்பரைத் தேடினார். "கடை எங்க இருக்குது, ஆளு யாருன்னு தெரியாம எப்படிங்க காசு அனுப்பறது?" நியாயம்தானே?

6. அளவு: எல்லோரும் நின்ற இடம் இது. எஸ், எம், எல், எக்ஸ்எல். பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு சின்ன அட்டவணைப் படம், பெரிதாக்கவும் முடியாது. பி.காம். பெண்கூட இங்கே வந்து, "எதுக்கு வம்பு? நேர்லயே வாங்கிக்கறேன்" என்று மூடிவிட்டாள்.

ஐந்து பேரில் ஆர்டர் வரை போனவர் ஒருவர்கூட இல்லை.

"எனக்குப் படிப்பு இல்ல கண்ணு"

மேலே எழுதிய ஆறும் நோட்டில் இருந்த குறைகள். என் மனசில் தைத்தது வேறு ஒன்று.

சத்துணவு அக்கா போனைக் கீழே வைத்தபோது என்னைப் பார்த்து, "எனக்குப் படிப்பு இல்ல கண்ணு. அதான் தெரியல. நீ தப்பா நெனச்சுக்காத" என்றார். அவருடைய நேரத்தை எடுத்துக்கொண்டு நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம், அவர் எங்களிடம் மன்னிப்புக் கேட்கிறார்!

இந்த வார்த்தையை நான் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன் தெரியுமா? ஏடிஎம் மிஷின் முன்னால் அம்மா சொல்வது இதுதான். எந்தப் படிவத்தைக் கையில் கொடுத்தாலும் அப்பா சொல்வதும் இதுதான். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் 'உச்' கொட்டுவார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு படிவத்தை என்னிடம் நீட்டுவார். 'படிக்காததால்தான் நமக்கு இது வரவில்லை' என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம்.

ஆனால் அதே வெப்சைட்டில் நாற்பதாண்டு ஒரே வீட்டில் இருக்கும் தமிழாசிரியையின் விலாசமும் 'தப்பு' ஆயிற்றே? பி.காம். படிப்பவளும் அளவில் நின்றுவிட்டாளே? அப்படியானால் குறை படிப்பிலா, படிவத்திலா?

டான் நார்மன் என்ற அறிஞர் 1988 இல் அன்றாடப் பொருள்களின் வடிவமைப்பைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று தெரியாமல் நிற்பவர் தன்னைத்தானே நொந்துகொள்கிறார், உண்மையில் குறை கதவைச் செய்தவரிடம் இருக்கிறது என்பது அவர் வாதம். மேடம் இதை விளக்கியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் அப்பா எத்தனை கதவுகளுக்கு முன்னால் தலை குனிந்து நின்றிருக்கிறார்!

அம்மாவின் டேப்

அளவுப் பிரச்சினைக்கு விடை எங்கள் வீட்டிலேயே இருந்தது. அந்த அட்டவணையை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கேட்டவுடன் அம்மா கேட்ட கேள்வி: "எல்லுன்னா நாப்பதுங்குதே, அது உடம்பு அளவா, துணி அளவா?"

நாங்கள் நான்கு டிப்ளமோக்காரர்கள் ஒரு வாரம் உற்றுப் பார்த்த அட்டவணை அது!

"மாரு முப்பத்தாறுன்னா நைட்டிய முப்பத்தாறுலயா தைப்போம்? மூச்சு விட வேண்டாமா? லூஸ் விட்டு நாப்பத்திரெண்டு வெப்போம். டாப்ஸுன்னா லூஸ் கம்மி. அதுபோக காட்டன் துணி மொதத் தண்ணிக்குக் கொஞ்சம் சுருங்கும். இதெல்லாம் எழுதலீன்னா வாங்கறவங்களுக்கு எப்படித் தெரியும்?"

எல், எக்ஸ்எல் என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடுவதும் எங்கள் கற்பனை இல்லை. நம் நாட்டு ஆயத்த ஆடைத் தொழிலில் வெளிநாட்டு அளவுகளைக் கொஞ்சம் மாற்றித்தான் நெடுங்காலம் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். அதனால்தான் மத்திய ஜவுளி அமைச்சகமும் நிப்ட் நிறுவனமும் 'இந்தியாசைஸ்' என்ற திட்டத்தை எடுத்தன. முப்பரிமாண ஸ்கேனர் வைத்து 25,000க்கும் மேற்பட்டவர்களை அளந்து, இந்திய உடம்புக்கென்றே ஓர் அளவு அட்டவணை உருவாக்குவதுதான் அதன் நோக்கம்.

எங்களிடம் ஸ்கேனர் ஏது? அம்மா ஒரு வழி சொன்னார். "அவங்க போட்டுப் பழகுன பழைய நைட்டிய அளக்கச் சொல்லு. உடம்ப அளக்கத் தெரியாதவங்ககூட அதை அளந்துருவாங்க." தரையில் விரித்து, ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை அளந்து இரண்டால் பெருக்கினால் துணியின் மார்பளவு. தோளிலிருந்து கீழ் மடிப்பு வரை உயரம். "டேப் இல்லாத வீடு?" என்று கேட்டாள் என் தோழி. "பள்ளிக்கூடம் போற புள்ள இருந்தா ஸ்கேல் இருக்குமில்ல?" என்றார் அம்மா.

நான்கு படங்கள் எடுத்தோம். பழைய நைட்டி, பள்ளிக்கூட ஸ்கேல், அளக்கும் இரண்டு கைகள். அந்தக் கைகள் அம்மாவுடையவை. 'நான் ஒரு டைலர், எனக்கென்ன தெரியும்' என்று சொல்லும் அம்மா, எங்கள் ப்ராஜெக்ட்டின் முக்கியமான பக்கத்தை வடிவமைத்தவர். ரிப்போர்ட்டில் நன்றியுரையோடு நிறுத்தாமல், 'அளவு முறை' என்ற பகுதியிலேயே அம்மா பெயரை எழுதினோம்.

காகிதத்தில் ஒரு வெப்சைட்

கோடிங் தொடங்கும் முன் எல்லாவற்றையும் காகிதத்தில் வரைந்தோம். போன் அளவுக்கு அட்டையில் சதுரம் வெட்டி, அதற்குள் காகிதத்தை நகர்த்தினால் அதுதான் திரை. விரலால் தொட்டால் அடுத்த காகிதம். செலவு பத்து ரூபாய். பிடிக்கவில்லை என்றால் கிழித்துப் போடலாம். எழுதிய கோடைக் கிழிக்க யாருக்கு மனசு வரும்?

கடையில் உள்ள நாற்பது உருப்படிகளின் படத்தை அட்டைத் துண்டுகளில் ஒட்டி, வீட்டுத் திண்ணைகளில் பெண்களிடம் கொடுத்து, "உங்க இஷ்டப்படி கும்பலாப் பிரிச்சு வைங்க" என்றோம். அவர்கள் துணியின் வகையை வைத்துப் பிரிக்கவில்லை. 'வீட்டுக்கு, வேலைக்குப் போக, விசேஷத்துக்கு, பாப்பாவுக்கு' என்று பிரித்தார்கள். அதுவே எங்கள் மெனு ஆயிற்று.

தமிழில் எழுதுவதிலும் ஒரு பாடம். சுத்தத் தமிழாக இருக்கட்டும் என்று ஒரு காகிதத்தில் 'கொள்முதல்' என்று எழுதிப் பார்த்தோம். "கொள்முதல்னா நெல்லு வாங்கற எடமா?" என்றார் மண்டி அக்கா! 'ஆர்டர்', 'கேன்சல்' இரண்டையும் தமிழ் எழுத்தில் போட்டால் எல்லோரும் தடங்கல் இல்லாமல் படித்தார்கள். 'பையில் போடு' என்பது தமிழாசிரியை அம்மா சொன்னது. அதையே வைத்துக்கொண்டோம்.

இமெயிலை எடுத்துவிட்டுப் போன் நம்பர் மட்டும் கேட்டோம். விலாசத்தில் சாய்கோடும் வரும், 'தண்ணித் தொட்டி பக்கம்' என்று அடையாளமும் எழுதலாம். மேலேயே கடையின் படம், தொலைபேசி எண், 'அளவு சரியில்லையா? 7 நாளில் மாற்றித் தருவோம்' என்ற வரி. அந்த வரிக்கு அண்ணனைச் சம்மதிக்க வைக்கத்தான் இரண்டு நாள் ஆயிற்று!

மறுபடியும் ஐந்து பேர்

திருத்தியதை வேறு ஐந்து பேரிடம் கொண்டு போனோம். நான்கு பேர் எங்கள் உதவி இல்லாமல் ஆர்டர் வரை போனார்கள். ஐந்தாமவர் எல்லாம் முடித்துவிட்டு, "போயிருச்சா, போகலையா?" என்று தெரியாமல் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். 'ஆர்டர் ஏற்கப்பட்டது' என்ற செய்தி ஆங்கிலத்தில் வந்திருந்தது. வாட்ஸப்பில் தமிழில் ஒரு வரியும் துணியின் படமும் போகும்படி மாற்றினோம்.

பலன் என்ன என்று கேட்பீர்கள். அண்ணன் நோட்டில் உள்ளதைச் சொல்கிறேன். முன்பு வாரத்துக்கு இரண்டு மூன்று ஆர்டர். பங்குனிக் கடைசியில் வாரம் ஒன்பது, பத்து. வெயில் காலம் காட்டன் நைட்டிக்கு நல்ல சீசன். ஆகவே முழுப் பெருமையும் எங்களுக்கு இல்லை. ஆனால் அளவு சரியில்லை என்று போன் செய்பவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று அக்கா சொல்கிறார். அண்ணன் சைட்டுக்குப் பணம் கட்டிவிட்டார். அம்மாவுக்கு இப்போது வாரத்தில் ஐந்து நாள் வேலை.

வைவாவில் வெளித் தேர்வாளர், "இதில் இன்ஜினியரிங் எங்கேம்மா இருக்கு?" என்று கேட்டார். "அளந்தோம் சார். குறை கண்டோம். திருத்தினோம். மறுபடி அளந்தோம்" என்றேன். புன்னகைத்தபடி அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

ஜூனியர்களுக்கு நாலு வார்த்தை

1. ப்ராஜெக்ட் தலைப்பைத் தேடும் முன் ஆளைத் தேடுங்கள். உங்கள் தெருவிலேயே இருப்பார்.

2. "உங்களுக்குப் பிடிக்குமா?" என்று கேட்காதீர்கள். முகத்துக்காக எல்லோரும் 'பிடிக்கும்' என்பார்கள். "கடைசியா எப்ப வாங்குனீங்க? அப்ப என்ன ஆச்சு?" என்று கேளுங்கள்.

3. பக்கத்தில் உட்காருங்கள். வாயை மூடிக்கொள்ளுங்கள். மனசுக்குள் பத்து எண்ணுங்கள்.

4. முதலில் காகிதம், பிறகு கோடிங்.

5. யாராவது "எனக்குத் தெரியல, நான் படிக்கல" என்று சொன்னால், அந்த இடத்தை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் திருத்த வேண்டிய இடம் அதுதான்.

நம் கல்லூரியில் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். நமக்கு இங்கிலீஷ் சரளமாக வராது, லேப்டாப் லேட்டாகத்தான் கிடைத்தது என்று குறைபட்டுக்கொள்கிறோம். ஆனால் ஒரு படிவத்தின் முன்னால் நம் வீட்டு மனிதர்கள் எந்த இடத்தில் தயங்குவார்கள் என்பது நமக்கு மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். நாளைக்கு பஸ் பாஸ் படிவத்தையும், ஆஸ்பத்திரி டோக்கன் மிஷினையும், ரேஷன் கடைத் திரையையும் செய்யப் போகிறவர்கள் நாம்தான். அன்றைக்கு டேப்பை மறக்காமல் கையில் எடுத்துக்கொண்டு போவோம்.